வெந்நீரில் வைத்த கை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து நான் எந்த ஊரிலும் நிலைத்து இருந்ததில்லை. மீஞ்சூரில் லாரிக்குக் கிளீனர், நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணையில் காவல், சென்னையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு வேலை சலித்து அடுத்தது கிடைக்கும்வரை பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த அக்கா வீட்டில் வந்து படுப்பேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் வரமாட்டார். கடலுக்குள் போய்விட்டால் போனும் கிடைக்காது. அதனால் நான் வந்து படுப்பதில் அவளுக்குச் சந்தோஷம் உண்டு. அதை அவள் காட்டிக்கொள்ள மாட்டாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டே திட்டுவாள்.

அன்று காலையும் நான் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் நின்றேன். சொல்லாமல் போயிருக்கலாம். போனால் ஒரு வாரத்துக்குப் போனில் திட்டு விழும். அக்கா ஏரிக்குள் இருந்தாள். கரை ஏறியதும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றேன். நிற்பது எனக்கு வராது. படகுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. கையால் இறால் தடவுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் பின்னிய சின்னக் கூடை. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை யாரும் அதிகம் பேச முடியாது. அதற்கெல்லாம் சேர்த்துக் கரை ஏறியதும் பேசுவார்கள்.

அன்று வடக்கே தீவுப் பக்கத்திலிருந்து ராக்கெட் விட்டார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவார்கள். ஏரிக்குள் கரையோரமாக இறால் தடவுகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. நெருப்பு மேலே ஏறியது. கொஞ்சம் கழித்துச் சத்தம் வந்து படகுப் பலகைகளை அதிர வைத்தது. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப நடக்க ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பெண்கள் அவள் இடுப்பைப் பிடித்திருந்தார்கள். வலது கை தொங்கியது. கால் மணலில் இழுபட்டது.

"கெளுத்தி குத்திடுச்சு நைனா" என்றாள் பக்கத்து வீட்டு அண்ணி. அவள் அக்காவோடு எப்போதும் ஒன்றாகவே தண்ணீரில் இறங்குகிறவள். "பறிய வுட்டுட்டா. பறி பாட்டுக்கு மெதந்துகினு போவுது, இவ அத்தப் பாத்துகினே நிக்கறா. இன்னாமேன்னு கேட்டா பதிலே இல்ல. கை வேற தொங்குது. முள்ளு ஏறிடுச்சு."

ஏரியில் கெளுத்தி மீனின் முள் குத்தாத கையே கிடையாது. குத்தினால் தோள்வரை கடுக்கும், பெரிய ஆம்பிளைகளே அழுவார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் வெந்நீர்தான் வைத்தியம். சூடு பட்டால் முள்ளின் விஷம் முறியும். நல்ல வைத்தியம்தான், ஆஸ்பத்திரியிலும் அதையே செய்வார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் எவ்வளவு சூடு என்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு அளவுதான் இருந்தது. குண்டானில் கையை விட வைத்து, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். குத்துப்பட்டவர் கத்தினால் நிறுத்துவார்கள்.

அக்கா கத்தவில்லை.

டீக்கடையிலிருந்து சுடுதண்ணீர் வந்தது. அண்ணி ஊற்றினாள். அக்கா குண்டானைப் பார்த்தபடி இருந்தாள். இன்னும் ஊற்றினாள். ஆவி பறந்தது. ஒரு கிழவர், "நல்ல நெஞ்சழுத்தக்காரிதான்" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். கையில் எங்கே குத்தியது என்று தேடினார்கள். சிப்பி கிழித்த பழைய காயங்களே பத்துப் பன்னிரண்டு இருந்தன. அதில் ஒன்றைக் காட்டி இதுதான் என்றார்கள்.

"ஏன் பேச மாட்டேங்குறா?" என்று கேட்டேன்.

"வலில வாயடைச்சுப் போச்சு. உனக்குக் குத்தியிருந்தா தெரியும்."

"எனக்கும் குத்தியிருக்குது அண்ணி. நான் ஊரையே கூட்டுனேன்."

"நீ ஊரக் கூட்டறவன். அவ அப்படியா?"

அப்போது யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்தாள். டீ வலது ஓரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. அவள் அதைத் துடைக்கவில்லை. வழிகிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் கன்னம் ஈரத்துணி மாதிரி தொங்கியது. அண்ணியும் அதைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"முள்ளு குத்துனா வாய் கோணுமா?" என்றேன்.

அண்ணி அக்காவின் கையைக் குண்டானிலிருந்து எடுத்தாள். "ஆட்டோவைக் கூப்புடு" என்றாள்.

பொன்னேரிக்குப் போகிற வழியெல்லாம் ஷேர் ஆட்டோ குலுங்கியது. அக்காவை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் நாங்கள் அணைத்துப் பிடித்துக்கொண்டோம். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அவளுக்கே அது கோபமாக இருந்தது. இடது கையால் என் தொடையில் அடித்தாள்.

பாதி வழியில் அண்ணி என் காதருகே குனிந்தாள். "எப்ப ஆச்சுன்னு கேட்டா இப்பதான்னு சொல்லணும். லேட்டா இட்டாந்தோம்னா ஆஸ்பத்திரில கத்துவாங்க. அப்பால வேற ஊருக்கு எழுதிக் குடுத்துடுவாங்க. எங்க வூட்டுக்காரரப் பாம்பு கடிச்சப்ப அப்படித்தான் பண்ணாங்க."

"உண்மையில எப்ப ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? தண்ணிக்குள்ள மணி பாத்துகினா இருக்கோம்?"

பொன்னேரியில் டாக்டர் இளம்பெண். நாங்கள் கெளுத்தி என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டார். நர்ஸ் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இறங்கினாலும் கை கால் இப்படி விழும், முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றார். அது சரியாக இருந்தது. டாக்டர் அக்காவைச் சிரிக்கச் சொன்னார். பாதி வாய்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கை எழவே இல்லை. "மீன் வாங்கப் போறேன்னு சொல்லுங்கம்மா" என்றார். அக்கா வாயைத் திறந்து மூடினாள்.

"இது முள்ளு இல்ல" என்றார் டாக்டர். "பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கணும், இல்ல உள்ள வெடிச்சு ரத்தம் கசியணும். வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஸ்கேன்லதான் தெரியும். எப்ப ஆச்சு?"

"இப்பதான்" என்றாள் அண்ணி.

டாக்டர் அதைச் சீட்டில் எழுதினார். சென்னையில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வருகிற ஆளைப் பற்றிச் சொல்லி, ஸ்கேன் அறையைத் தயாராக வைக்கச் சொன்னார். அண்ணி பயந்த மாதிரி எங்களை வேறு ஊருக்குத்தான் அனுப்பினார்கள். ஆனால் யாரும் திட்டவில்லை. நான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அக்காவின் வாயருகே கொண்டுபோனேன். நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க. முழுங்கத் தெரியுதான்னு பாக்காம குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும்."

காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்றவள். உதட்டில் உப்பு பூத்திருந்தது. ஆம்புலன்ஸில் வழி முழுக்க அவள் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அதை என் பைக்குள் போட்டு மூடினேன். மீஞ்சூர் தாண்டியதும் லாரிகள் வரிசையாக நின்றன. சைரன் கத்தியது. யாரும் ஒதுங்க இடமில்லாமல் ஒதுங்கினார்கள். இறங்கி ஓடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது?

சென்னையில் வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நின்றார்கள். நேராக ஸ்கேன். அது முடிந்து வெளியே வந்த டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். எங்களை ஓரமாக அழைத்தார்.

"கசிவு இல்ல, அடைப்புதான். அடைப்பைக் கரைக்கிற ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதைத் தாண்டிப் போட்டா அந்த ஊசியே மூளைக்குள்ள ரத்தக் கசிவ உண்டாக்கிடும். புரியுதா? சீட்டுல இப்பதான்னு எழுதியிருக்கு. இப்பதான்னா எப்ப?"

"காலைல" என்றாள் அண்ணி.

"காலைலன்னா?"

"தண்ணி வத்தறப்ப."

டாக்டர் ஸ்ட்ரெச்சர் பக்கம் போய் அக்காவின் வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் சிவந்திருந்தன. புறங்கையில் கொப்புளங்கள் கட்டியிருந்தன. ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், கையைப் பார்க்கவில்லை.

"இது என்ன?"

அண்ணி வெந்நீர் கதையைச் சொன்னாள். குரல் இறங்கிக்கொண்டே போனது. "அவ கத்துவான்னு பாத்தோம் சார். கத்தவே இல்ல."

"கத்த மாட்டாங்கம்மா. அவங்களுக்கு அந்தக் கை இருக்கறதே தெரியல." டாக்டர் கையை மெதுவாகக் கீழே வைத்தார். "கொப்புளம் இந்த அளவுக்கு வந்திருக்குன்னா இது இப்ப நடந்தது இல்ல. நான் யாரையும் திட்டல. எனக்கு நேரம் வேணும், அவ்வளவுதான். நீங்க குறைச்சுச் சொல்லி நான் ஊசி போட்டா இவங்க சாகலாம். பயந்துபோய் நான் போடாம விட்டா இவங்க இப்படியே கெடக்கலாம். எப்ப விழுந்தாங்கன்னு கேக்கல. கடைசியா நல்லா இருந்து நீங்க பாத்தது எப்ப? பேசினது, சிரிச்சது. அதச் சொல்லுங்க."

அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? நான் கரையில் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீருக்குள் பேச்சே இருக்காது, வாயில் பறி இருக்கும். அண்ணியின் முகத்தில் அந்தக் காலை முழுக்க ஒரு தரம் ஓடியதை நான் பார்த்தேன்.

"தண்ணிக்குள்ள வாயில பறிக்கூடை இருக்கும் சார், பேச மாட்டோம். ராக்கெட்டு வுட்டாங்களே, அப்போ பேசினா."

"என்ன பேசினாங்க?"

அண்ணி தயங்கினாள். டாக்டரிடம் சொல்கிற பேச்சா அது என்று இருந்திருக்கும். "அந்த நெருப்புல ஒரு பான வெச்சா ஊருக்கே சோறு ஆக்கிடலாம், சிலிண்டர் மிச்சம்னு சொன்னா. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா."

"வாயில கூடை இருந்ததுன்னீங்களே, எப்படிப் பேசினாங்க?"

"கையால எடுத்துட்டுப் பேசினா."

"எந்தக் கை?"

அண்ணி யோசிக்கவில்லை. வலது கையை வாய்க்குக் கொண்டுபோய், இல்லாத பறியை எடுத்து, மோவாயால் வடக்கே காட்டிப் பேசுகிற மாதிரி செய்து, திரும்பப் பல்லில் கடித்துக்கொண்டாள். அந்த வராந்தாவில் நோயாளிகளுக்கு நடுவில் அவள் அப்படி நின்றதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. சேலை முழங்கால்வரை காய்ந்த சேறாக இருந்தது.

"பேச்சு கொழறலயே? நெருப்பு எழுந்தப்பவா, சத்தம் ஓஞ்சப்புறமா?"

"கொழறல. சத்தம் வந்துகினு இருந்துச்சு. அதனாலதான் கத்திப் பேசினா."

டாக்டர் போனை எடுத்தார். பக்கத்தில் நின்ற இளைய டாக்டரும் எடுத்தார். இரண்டு பேரும் ராக்கெட் ஏறிய நேரத்தைத் தேடிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே நேரம் இருந்தது. பெரியவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு. ஆனா நின்னு பேச இல்ல" என்றார்.

ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. அது இறங்காமல் ஊசி போட முடியாது என்று அதற்கு ஒரு மருந்து ஏற்றினார்கள். அது இறங்குவதற்குள் யாராவது சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது. மாமாவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். கடலுக்குள் இருந்தார்.

"சரியான நேரத்துல போட்டாலும் சில பேருக்குக் கசிவு வரும்" என்றார் டாக்டர். "உயிரே போகலாம். நான் மறைக்க விரும்பல."

"போட்டா கை வருமா?"

"வரலாம்."

"பேச்சு?"

"வரலாம். சத்தியம் பண்ண முடியாது. போடலைன்னா வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி."

வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளெல்லாம் ஒரே வகை. பிடிக்கவில்லை, கிளம்பினேன். அதில் எனக்கு மட்டும்தான் நஷ்டம். இன்னொருத்தியின் தலைக்குள் மருந்து போகலாமா என்று என்னைக் கேட்டதும் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. அக்கா என் சட்டையை இடது கையால் பிடித்திருந்தாள். கேட்டாளா, புரிந்ததா, தெரியாது. அவளிடமே கேட்டேன். "போட்டுக்கறியா?" அவள் சட்டையை இழுத்தாள். அது ஆமாம் என்பதா, வீட்டுக்குப் போகலாம் என்பதா? அவள் கை இல்லாமல், வாய் இல்லாமல் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். "போடுங்க" என்றேன். கையெழுத்து போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

முதலில் ஒரு ஊசி, பிறகு மிச்ச மருந்து மெதுவாகக் குழாய் வழியாக இறங்கியது. எங்களை வெளியே நிறுத்தினார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்க முடிந்தது. நர்ஸ் நகரவே இல்லை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார், கையைத் தூக்கச் சொல்வார், அழுத்தம் பார்ப்பார், எழுதுவார், திரும்ப முதலிலிருந்து. நான் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன்.

"ஓரமா ஒக்காருப்பா, ஸ்ட்ரெச்சர் வர்ற வழி" என்றார் காவலாளி.

உட்கார்ந்தேன். எழுந்தேன்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் அண்ணி. அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஊத்து இன்னும் ஊத்துன்னு அந்தக் கெழவன் வேற சொல்லிகினு இருந்தான். என் கையாலயே அவள வேவ வெச்சிட்டேன்."

"அண்ணி, கம்முனு இரு."

"அவ எழுந்தா என்ன ஏரில முக்குவா பாரு."

"முக்கட்டும்."

"ஆமா, முக்கட்டும்" என்று சொல்லி அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளே அக்கா இடது கையால் தலையைப் பிடித்தாள். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அவளால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் நர்ஸ் அந்தக் கையைப் பார்த்ததும் மருந்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். டாக்டர் ஓடி வந்தார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரும்ப ஸ்கேனுக்குப் போனார்கள். போகிற வழியில் என்னைத் தாண்டியபோது அவள் கண் மூடியிருந்தது. இளைய டாக்டரிடம், "கசிவா?" என்று கேட்டேன். "பாத்தாதான் தெரியும்" என்றார். பொன்னேரியில் கேட்ட அதே பதில். நான் சொன்ன ஒரு வார்த்தையால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த மருந்து அது. வராந்தாவில் நடக்கக்கூட முடியவில்லை.

கசிவு இல்லை. மருந்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். டாக்டர் போகிறபோக்கில் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவருக்கு அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

சாயங்காலம் வலது கை மெத்தையிலிருந்து கொஞ்சம் எழுந்து விழுந்தது. காலை மடக்கினாள். பேச்சு இல்லை. ஒரு முழு நாள் தாண்டித் திரும்ப ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். அண்ணியைப் பொன்னேரி ரயிலில் ஏற்றிவிட்டேன். கும்மிடிப்பூண்டி மேஸ்திரி போன் செய்தார். எப்போது வருகிறாய் என்றார். தெரியாது என்றேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் நர்ஸ் அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்தார். கொப்புளங்களுக்குக் களிம்பு தடவிக் கட்டு போட்டிருந்தார்கள். ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டு, தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தார். இறங்கியது. இருமல் இல்லை. இன்னொரு ஸ்பூன். அதுவும் இறங்கியது. அக்கா டம்ளரைப் பிடுங்கப் போனாள். அவளுக்கு அவ்வளவு தாகம். நர்ஸ் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, பழக்கமாகக் கேட்கிற மாதிரி என்னைக் காட்டி, "இவரு யாரும்மா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். உதடு கூடியது, பிரிந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. எங்கேயோ தேடி எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

"மூ...தேவி" என்றாள்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "திட்டறாங்க சார்."

"கேட்டுச்சு" என்றேன். "எப்பவும் என்ன அப்படித்தான் கூப்புடும். இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க."

நர்ஸ் கேட்டார். அக்கா முயன்றாள். இரண்டாம் தரம் அந்தச் சொல் வரவில்லை. வேறு சொல்லும் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது. கோபத்தில் கண் கலங்கியது. பேச்சு இப்படித்தான் வரும் போகும், மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்து வாங்க வேண்டும், கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். யார் இருப்பீர்கள் என்று கேட்டார். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பூனை எடுத்து டம்ளரில் விட்டேன்.

"எப்படிக் குடுக்கணும், காட்டுங்க" என்றேன்.